அம்மா வாட்டில், நீங்கள் வேலையில்: லீவை எண்ணி எடுக்கும் வழி

வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு முதலில் வரும் கேள்வி, "எத்தனை நாள் லீவு தருவாங்கள்?" என்பது. இலங்கையின் தொழில் சட்டத்தில் "பராமரிப்பு லீவு" என்று ஒரு லீவு கிடையாது. தாய்க்கு வருத்தம், தகப்பன் விழுந்துவிட்டார், கணவருக்கு ஒப்பரேஷன் என்றால் அதற்கென்று தனியாக ஒதுக்கிவைத்த நாள் அரசாங்க வேலையிலும் இல்லை, தனியார் வேலையிலும் இல்லை. வேறு காரணங்களுக்காகச் சட்டம் தந்த நாட்களை ஒன்றோடொன்று தொடுத்துத்தான் அந்தக் காலத்தைத் தாண்ட வேண்டும். எந்த நாளை எப்போது செலவழிப்பது என்பது தெரியாமல் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு, பிறகு நோ பேயில், அதாவது சம்பளமற்ற லீவில், தவிப்பவர்கள் நிறையப் பேர். திருகோணமலையில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

முதலில்: எந்தச் சட்டம் உங்களுக்கு?

நியமனக் கடிதத்தையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் எடுத்து வையுங்கள். உங்களுக்குச் சம்பளம் தருவது யார், உங்கள் பெயரில் ஊழியர் சேமலாப நிதி கட்டுவது யார் என்று பாருங்கள். ஆள் வழங்கும் கம்பனி மூலம் வேறோர் இடத்தில் வேலை செய்பவர்கள் இதில் அடிக்கடி தவறுகிறார்கள். வேலைத்தளத்து மேற்பார்வையாளர் "சரி, போங்கோ" என்று சொல்லியிருப்பார். ஆனால் சம்பளம் தரும் கம்பனிக்கு எதுவும் தெரிந்திராது, அந்த மாதம் சம்பளம் வெட்டப்பட்டிருக்கும். லீவுக் கடிதம் சம்பளம் தருபவருக்குப் போகவேண்டும், பிரதி மேற்பார்வையாளருக்கு.

கடை, காரியாலயம், வங்கி, தனியார் கல்வி நிலையத்து அலுவலகம் போன்ற இடங்களில் வேலை என்றால் பெரும்பாலும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். தொழிற்சாலை, கட்டட வேலை, ஆடைத் தொழில் என்றால் அந்தந்தத் தொழிலுக்கான சம்பளச் சபையின் தீர்மானம் பொருந்தும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் இருவரின் லீவுக் கணக்குகூட வேறுபடலாம். எனவே பக்கத்தில் வேலை செய்பவரைக் கேட்டு முடிவெடுக்காமல் உங்கள் கடிதத்தைப் பாருங்கள். அரச ஊழியர் என்றால் தாபன விதிக்கோவையின் 12ஆம் அத்தியாயம்தான் லீவுக்கு ஆதாரம். மாகாண சபையின் கீழ் வேலை செய்பவர்களும் நடைமுறையில் அதே கணக்கில்தான் லீவு எடுக்கிறார்கள்.

கையில் எத்தனை நாள்?

கடை, அலுவலகச் சட்டத்தின் கீழ் இருப்பவருக்கு வருடத்துக்கு 14 நாள் வருட லீவும் 7 நாள் சமயோசித (கெஷுவல்) லீவும் உண்டு. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் வருட லீவு கையில் வராது. அந்த வருடத்தில் உழைத்ததற்கான நாட்களை அடுத்த வருடத்தில்தான் எடுக்கலாம். அதுவும் சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது. ஜனவரி முதல் மார்ச் முடிவுக்குள் சேர்ந்தவருக்கு அடுத்த வருடம் 14 நாள். ஏப்ரல் முதல் ஜூன் வரை என்றால் 10. ஜூலை முதல் செப்டெம்பர் வரை என்றால் 7. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை சேர்ந்தவருக்கு 4 மட்டும். சமயோசித லீவு முதல் வருடத்தில் இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சேரும். ஆக, ஜூலையில் சேர்ந்த ஒருவருக்கு நவம்பரில் தகப்பன் விழுந்தால் கையில் இருப்பது இரண்டே நாள். இதை முன்கூட்டியே தெரிந்திருந்தால், செப்டெம்பரில் கலியாண வீட்டுக்கென்று அந்த ஒரு நாளைச் செலவழிப்பதா இல்லையா என்று யோசிப்பீர்கள்.

சமயோசித லீவைச் சொந்த அலுவலுக்கு, சுகயீனத்துக்கு, வேறு நியாயமான காரணத்துக்கு எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. தாயின் வருத்தம் இந்த "நியாயமான காரணம்" என்பதற்குள் நன்றாகவே அடங்கும். வருட லீவில் இன்னொரு பயன் உண்டு: 14 நாளில் 7 நாளைத் தொடர்ச்சியாக எடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. பலர் இதை நிர்வாகத்தின் கெடுபிடி என்று நினைக்கிறார்கள். வீட்டில் நோயாளி இருப்பவருக்கு இது பெரிய உதவி. எப்படி என்பது கீழே வரும்.

சம்பளச் சபையின் கீழ் இருப்பவருக்கு வருட லீவு, முந்தைய வருடம் வேலைக்கு வந்த நாட்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அமையும். சமயோசித லீவு சட்டப்படி கிடையாது. கம்பனியாகத் தந்தால் உண்டு. நாட்சம்பளக்காரர்கள் "எங்களுக்கு லீவே இல்லை" என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. சம்பளச் சபைக்கு உட்பட்ட தொழிலில் நாட்சம்பளம் வாங்குபவருக்கும் வந்த நாட்களின் கணக்கில் சம்பளத்துடனான வருட லீவு உண்டு. வரவுப் பதிவேட்டில் உங்கள் நாள் ஒவ்வொன்றும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிவேட்டில் இல்லாத நாள் லீவுக் கணக்கிலும் வராது.

அரச ஊழியருக்கு வருடத்துக்கு 21 நாள் சமயோசித லீவும் 24 நாள் ஓய்வு லீவும். ஆசிரியர்களுக்குப் பாடசாலை விடுமுறை இருப்பதால் கணக்கு வேறு: 21 சமயோசிதம், 20 சுகயீனம், மொத்தம் 41. சேர்ந்த முதல் வருடத்தில் இவை குறையும். லீவுப் பைலைப் பார்க்கும் முகாமைத்துவ உதவியாளரிடம் போய் மிச்சத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாதத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம் குறுகிய லீவும் எடுக்கலாம். கிளினிக் துண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு ஒபிசுக்கு ஓடிவர இது போதும். அதற்கு ஒரு முழு நாளைச் செலவழிக்காதீர்கள்.

குழந்தை பிறப்பு தனி விடயம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தாய்க்கு 84 நாள் பிரசவ லீவு, எத்தனையாவது குழந்தை என்றாலும். கடை, அலுவலகச் சட்டத்தின் கீழ் வார லீவு நாட்களும் போயாவும் இந்த 84இல் சேராது. அரச சேவையில் 84 நாள் முழுச் சம்பளத்துக்குப் பிறகு 84 நாள் அரைச் சம்பளத்திலும், இன்னொரு 84 நாள் சம்பளமின்றியும் எடுக்கலாம். தகப்பனுக்கு அரச சேவையில் 3 நாள். தனியார் துறையில் தகப்பனுக்குச் சட்டம் எதுவும் தரவில்லை. 31ஆம் நாள் வரை வீட்டில் துணைக்கு ஆள் வேண்டும் என்பவர்கள் தகப்பனின் வருட லீவைத்தான் நம்ப வேண்டும்.

நாளை எப்போது செலவழிப்பது

பெரும்பாலான குடும்பங்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். அம்மாவை வாட்டில் போட்டதும் பிள்ளை மூன்று நாள், நான்கு நாள் லீவு போட்டுவிட்டு வைத்தியசாலை வாசலில் நிற்கிறது. மனம் கேட்காது, அது நியாயம். ஆனால் வாட்டில் தாதியர் இருக்கிறார்கள், வைத்தியர் சுற்று வருகிறார், மருந்து நேரத்துக்குக் கிடைக்கிறது. உண்மையில் உங்கள் இரண்டு கையும் வேண்டியிருப்பது துண்டு வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகான முதல் ஏழு முதல் பத்து நாள்தான். எழுந்து நடக்கத் தெரியாது, குளியலறைக்குப் பிடித்துக்கொண்டு போகவேண்டும், மருந்து மாறியிருக்கும், காயத்துக்கு மருந்து கட்டப் போகவேண்டும், உப்பு, சீனி குறைத்த சாப்பாடு யாருக்கும் பழக்கமில்லை. பக்கவாதம் வந்தவரானால் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். வருட லீவின் தொடர்ச்சியான 7 நாளை இந்த வாரத்துக்கென்று பிடித்து வையுங்கள்.

வாட்டில் இருக்கும் நாட்களில் லீவு வேண்டிய தருணங்கள் சில உண்டு. அனுமதித்த அன்று. ஒப்பரேஷன் அன்றும் மறுநாளும். பெரிய டொக்டர் வீட்டாருடன் பேச வேண்டும் என்று சொன்ன அன்று. துண்டு வெட்டும் அன்று. மற்ற நாட்களில் நோயாளரைப் பார்க்கும் நேரத்தில் போய்வந்தால் போதும். அந்த வாட்டின் நேரத்தைத் தாதியிடம் முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள். நோயாளியோடு இரவில் ஒருவர் நிற்க வேண்டும் என்று சொன்னால், பெண்கள் வாட்டில் பெண்தான் நிற்கலாம், ஆண்கள் வாட்டில் ஆண்தான். இந்தச் சின்ன விடயம் குடும்பத்தின் முழு ஏற்பாட்டையும் குழப்பும். தகப்பன் ஆண்கள் வாட்டில், வீட்டில் இருப்பதோ மூன்று பெண்பிள்ளைகள் என்றால் மருமகனோ பெறாமகனோ இரவுக்கு நிற்க முடியுமா என்பதை முதல் மாலையிலேயே பேசுங்கள்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலிருந்து கண்டிக்கோ மட்டக்களப்புக்கோ அனுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பினால் கணக்கு முழுவதும் மாறும். கண்டிக்கு ஹபரண, தம்புள்ளை வழியாகப் போய்வரவே ஒரு நாள் கரையும். அரை நாள் லீவு, குறுகிய லீவு எல்லாம் அங்கே பயன்படாது. முழு நாட்களைச் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். மஹரகம அபேக்‌ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்ச் சிகிச்சை என்றால் வாரநாட்களில் நாள் தவறாமல் பல வாரம் நடக்கும். அதற்கு எவருடைய வருட லீவும் போதாது. எத்தனை தடவை என்று சிகிச்சைத் திட்டம் போடும்போதே கேட்டுவிட்டு, யார் கூடத் தங்குவது, எங்கே தங்குவது, யாருடைய சம்பளம் வெட்டுப்படுவது என்று ஆரம்பத்திலேயே தீர்மானியுங்கள். இரத்தம் சுத்திகரிப்பவர்களுக்கு வாரத்தில் இரண்டு, மூன்று நாள் என்று வருடக்கணக்கில் போகும். அங்கே லீவை நம்பாமல் வேலை நேரத்தையே மாற்றிக் கேட்பதுதான் வழி. வேலை முறை மாறும் இடம் என்றால் இரவு முறைக்கோ காலை முறைக்கோ நிரந்தரமாக மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

கண் வெள்ளை எடுப்பது போன்ற முன்கூட்டித் திகதி தரும் ஒப்பரேஷன்களில் உங்களுக்குக் கொஞ்சம் பிடி இருக்கிறது. ஹோட்டலில் வேலை என்றால் கிழக்குக் கரைக்கு வெளிநாட்டார் வரும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் வருட லீவு கேட்டால் இழுபறிதான். அவசரமில்லாத ஒப்பரேஷன் என்றால் ஒக்டோபருக்குப் பின் திகதி தரமுடியுமா என்று டொக்டரிடம் தயங்காமல் கேட்கலாம். ஆனால் லீவுக்காக அவசரமான ஒன்றைத் தள்ளிப்போடவே கூடாது. வருத்தம் திடீரென்று வந்தால் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு எடுங்கள், காசு இல்லை. லீவை வண்டியில் ஏறிய பிறகு யோசிக்கலாம்.

வீட்டுக்குள் முறை போடுவது

ஒரு கொப்பியில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் திகதி, மேலே பெயர்கள். ஒவ்வொருவருக்கும் மிச்சமுள்ள லீவு எத்தனை, எந்த நாள் வர முடியும், இரவா பகலா. மூன்று பிள்ளைகள் ஒரே நாளில் லீவு போட்டு வாட்டு வாசலில் நிற்பதால் நோயாளிக்கு எந்தப் பயனும் இல்லை. மூன்று நாள் வீணாகிறது. ஒருவர் விட்டு ஒருவர் எடுத்தால் அதே மூன்று நாள் மூன்று நாளுக்குக் காணும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருக்கும், ஒரு மகள் இங்கே இருப்பாள். வெளிநாட்டிலிருந்து மருந்துச் செலவுக்குக் காசு வரும். இங்கே இருக்கும் மகளோ நோ பேயில் நின்று, சம்பளம் வெட்டுப்பட்டு, அடுத்த உயர்வும் தள்ளிப்போய், யாரிடமும் சொல்லாமல் இருப்பாள். அவள் இழந்த சம்பளமும் மருந்துச் செலவு போன்ற ஒரு செலவுதான். குடும்பக் கணக்கில் அதையும் எழுதுங்கள். மாதம் எவ்வளவு வெட்டுப்பட்டது என்று சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூலிக்கு ஆள் வைப்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பகல் முழுவதும் நோயாளியோடு இருக்க வரும் ஒருவருக்குக் கொடுக்கும் நாட்கூலி உங்கள் ஒரு நாள் சம்பளத்தைவிடக் குறைவு என்றால், முதல் பத்து நாள் நீங்கள் இருந்து அவருக்கு எல்லாவற்றையும் பழக்கிவிட்டு வேலைக்குத் திரும்புவது புத்தி.

கடுதாசிகள்

வைத்தியசாலை தரும் ஒவ்வொரு துண்டையும் அன்றே கைப்பேசியில் படம் எடுங்கள். அலுவலகத்துக்குப் பிரதி கொடுங்கள். அசலை வீட்டில் வையுங்கள், கிளினிக்குக்கு அதுதான் வேண்டும். தேவைப்படுவன: வாட்டில் இருக்கும்போது "இன்னார் இந்த வாட்டில் இத்தனையாம் திகதி முதல் அனுமதிக்கப்பட்டிருக்கிறார்" என்ற கடிதம், துண்டு வெட்டும்போது தரும் நோய் நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி எழுதிய பக்கம். துண்டு வெட்டும் அன்று, "வீட்டில் இத்தனை நாள் ஒருவர் கூட இருக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதித் தரமுடியுமா என்று வாட்டு டொக்டரிடம் கேளுங்கள். அந்த ஒரு வரி அலுவலகத்தில் பத்து விளக்கத்துக்குச் சமம். வாட்டைவிட்டு வந்த பிறகு அதை வாங்கத் திரும்பப் போனால் டொக்டர் மாறியிருப்பார், நோயாளியின் குறிப்புகள் எழுதிய டிக்கட் பதிவறைக்குப் போயிருக்கும், அரை நாள் அங்கேயே போய்விடும்.

தாய், தகப்பன் என்றால் உறவை நிரூபிக்க உங்கள் பிறப்புச் சான்றிதழ் போதும். மாமி, பெரியம்மா, பெரியப்பா போன்றவர்களை நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்றால் கிராம உத்தியோகத்தரிடம் அவர் உங்களோடு வசிக்கிறார், வேறு துணை இல்லை என்று ஒரு கடிதம் வாங்குங்கள்.

இப்போது மிகப் பெரிய தவறு. அம்மாவுக்கு வருத்தம், ஆனால் மெடிக்கல் உங்கள் பெயரில். "எனக்குக் காய்ச்சல்" என்று காசு கொடுத்து வாங்கிய மெடிக்கலோடு வைத்தியசாலையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பவர்களை ஊர் முழுக்கப் பார்க்கிறோம். செய்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, வேறு வழி தெரியாதவர்கள். ஆனால் அது பொய்ச் சான்றிதழ். பிடிபட்டால் லீவுப் பிரச்சினையாக இருந்தது ஒழுக்காற்று விசாரணையாக மாறும். சுகயீன லீவு ஊழியரின் சொந்தச் சுகயீனத்துக்குத்தான். பிறகு உங்களுக்கே உண்மையில் வருத்தம் வரும்போது, நோயாளியைத் தூக்கித் தூக்கி முதுகு பிடித்துக்கொள்ளும்போது, அந்த லீவு மிச்சமிருக்காது.

லீவுக் கடிதம்

வாட்ஸ்அப்பில் "சேர், அம்மாவுக்குச் சரியில்லை, இன்றைக்கு வரமாட்டேன்" என்று போடுவது முதல் நாளுக்கு மட்டும். அதையும் அழிக்காமல் வையுங்கள். இரண்டாம் நாளுக்குள் கடிதம் அல்லது மின்னஞ்சல் போக வேண்டும். அரச ஊழியர் பொது 125 அ படிவத்தில், லீவில் இருக்கும் முகவரியையும் பதில் கடமை பார்ப்பவரின் கையெழுத்தையும் மறக்காமல் நிரப்ப வேண்டும். பதில் கடமைக்கு ஆள் இல்லாமல் படிவம் மேசையிலேயே கிடப்பதுதான் அதிகம். முன்கூட்டியே ஒரு சகாவோடு பேசி வையுங்கள், அவர் வீட்டில் ஒன்று நடந்தால் நீங்கள் பார்ப்பீர்கள் என்ற உடன்பாட்டில். தனியார் ஊழியருக்கு ஒரு மாதிரி:

> முகாமையாளர் அவர்களுக்கு,
>
> குடும்ப உறுப்பினரைப் பராமரிப்பதற்காக லீவு கோரல்
>
> என் தாயார் ……… ஆம் திகதி முதல் ……… வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுச் சிகிச்சை பெறுகிறார். அவரைப் பராமரிக்க வீட்டில் வேறு வளர்ந்தவர் இல்லாததால் ……… முதல் ……… வரை பின்வருமாறு லீவு தரும்படி கேட்டுக்கொள்கிறேன்:
>
> சமயோசித லீவு: …… நாள்
> வருட லீவு: …… நாள்
> சம்பளமற்ற லீவு: …… நாள்
>
> இந்த நாட்களில் என் வேலைகளில் ……… ஐ ……… பார்ப்பதாக ஒப்புக்கொண்டுள்ளார். என்னை ……… என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ……… ஆம் திகதி காலை வேலைக்குத் திரும்புவேன். வைத்தியசாலைக் கடிதத்தின் பிரதி இத்துடன்.

லீவை வகை பிரித்து எழுதுவதுதான் இந்தக் கடிதத்தின் உயிர். "பத்து நாள் லீவு வேண்டும்" என்று மட்டும் எழுதினால் எந்தக் கணக்கில் கழிப்பது என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். பெரும்பாலும் நோ பேயில் விழும். "விரைவில் திரும்புவேன்" என்று எழுதாதீர்கள், திகதி போடுங்கள். நாள் போதாவிட்டால் அந்தத் திகதிக்கு முன் நீடிப்புக் கடிதம் கொடுங்கள். பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை ஒட்டி வையுங்கள். வாயால் கிடைத்த அனுமதி அந்த மேலதிகாரி மாற்றலாகிப் போனால் அவரோடு போய்விடும்.

நோ பேயில் நிற்கும்போது

சம்பளமற்ற லீவு சட்டப்படி தந்தே ஆகவேண்டிய ஒன்று இல்லை, உடன்பட்டுத் தருவது. ஆகவே கேட்கும் முறையில் மரியாதையும், திரும்பும் நாளில் உறுதியும் வேண்டும்.

கணக்கு இப்படி. மாதச் சம்பளம் 60,000 ரூபாய், 30ஆல் வகுக்கும் இடம் என்றால் ஒரு நாளுக்கு 2,000 போகும். அது மட்டும் இல்லை. அந்த 2,000க்கான சேமலாப நிதியில் உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி போடும் 3 வீதம் எல்லாம் விழாது. வரவுப் படி ஒன்று உண்டென்றால் ஒரு நாள் நோ பேயிலேயே அது முழுதாகப் போகக்கூடும். உங்கள் இடத்தில் 30ஆல் வகுக்கிறார்களா, வேலை நாட்களின் எண்ணிக்கையாலா என்று கேளுங்கள். கடன் தவணை சம்பளத்தில் கழிபடுகிறது என்றால் கையில் வரும் மிச்சத்தை முன்பே எழுதிப் பாருங்கள்.

கடை, அலுவலக ஊழியருக்கு இன்னொரு கணக்கு. வாரத்துக்கு ஒன்றரை நாள் சம்பளத்துடனான வார லீவு உரிமைக்கு அந்த வாரம் குறைந்தது 28 மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. வாரம் 45 மணித்தியாலம், ஒரு முழு நாள் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு நாள் நோ பே என்றால் 29 மணித்தியாலம் மிஞ்சும், தப்பும். மூன்று நாள் என்றால் 21தான், வார லீவின் சம்பளமும் ஆட்டம் காணும். கட்டாயம் நோ பே எடுக்கத்தான் வேண்டும் என்றால் வாரத்துக்கு இரண்டுக்கு மேல் போகாமல் பிரித்து, இடையில் சமயோசித நாளைச் செருகுங்கள்.

மறுத்தால், அல்லது வேலை போய்விட்டது என்றால்

கடிதம் கொடுக்காமல் நின்றுவிடுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. சில நாள் தகவல் இல்லாவிட்டால் "வேலையைத் தானாக விட்டுவிட்டார்" என்று கடிதம் வரும். அரச சேவையில் இதைப் பதவியை வெறிதாக்கியதாகக் கருதுவார்கள். அப்படி ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தால் வைத்தியசாலையிலிருந்து நேரம் கிடைக்கட்டும் என்று வைக்காதீர்கள். அன்றே பதில் எழுதுங்கள்: வேலையை விடவில்லை, இன்ன காரணத்தால் வரமுடியவில்லை, இன்ன திகதியில் வருகிறேன், ஆதாரம் இத்துடன். பதிவுத் தபால். விலாசம் மாறியிருந்தால் அலுவலகத்தில் மாற்றி வையுங்கள். பழைய வாடகை வீட்டுக்குப் போன கடிதமும் உங்களுக்குக் கிடைத்ததாகவே கணக்கில் எடுக்கப்படலாம்.

தனியார் துறையில், உரிமையான வருட லீவையோ சமயோசித லீவையோ தர மறுத்தாலோ சம்பளத்தை நியாயமின்றி வெட்டினாலோ தொழில் திணைக்களத்தின் திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், அது உங்கள் உரிமை. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், லீவுக் கடிதத்தின் பிரதி, தபால் ரசீது எல்லாவற்றிலும் இரண்டு பிரதி கொண்டுபோங்கள். வேலையிலிருந்து நிறுத்திவிட்டால் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம்தான் அவகாசம். அம்மாவின் வருத்தத்தில் ஆறு மாதம் போனதே தெரியாது, கலண்டரில் குறித்து வையுங்கள். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் அவரது சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி நிறுத்த முடியாது என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. "லீவு கூடிப்போச்சு, நாளையிலிருந்து வராதே" என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்கப் பார்த்தால் போடாதீர்கள். அது இராஜினாமாக் கடிதமாக இருக்கக்கூடும்.

சிகிச்சைச் செலவுக்கு இரண்டு கதவைத் தட்டலாம். அரச ஊழியரின் சம்பளத்தில் அக்ரஹார காப்புறுதிக்குக் கழிபட்டால் கணவர், மனைவி, பிள்ளைகளின் வைத்தியச் செலவுக்குக் கேட்கலாம். பற்றுச்சீட்டும் நோய் நிர்ணய அட்டையும் அசலாக வேண்டும். இருதயம், சிறுநீரகம் போன்ற பெரிய சிகிச்சை என்றால் ஜனாதிபதி நிதியத்துக்குப் பிரதேச செயலகத்தின் ஊடாக விண்ணப்பிக்கலாம். ஒப்பரேஷனுக்குப் பிறகு என்று வைக்காமல் திகதி கிடைத்ததுமே விசாரியுங்கள்.

திரும்பும் நாள்

சொன்ன திகதியில் சொன்ன நேரத்துக்குப் போங்கள். அடுத்த தடவை கேட்கும்போது உங்களுக்காகப் பேசப்போவது இந்த நாள்தான். போனதும் நோய் நிர்ணய அட்டையின் பிரதியைப் பைலுக்குக் கொடுங்கள், மிச்ச லீவு எத்தனை என்று கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். கிளினிக் திகதிகள் வருட முடிவு வரை தெரிந்தால் அவற்றை ஒரு தாளில் எழுதி மேலதிகாரியிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள். "ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய் அரை நாள்" என்று முன்பே தெரிந்த லீவை மறுப்பது அவர்களுக்கும் கஷ்டம். உங்கள் நேரத்தை மாற்றிப் பார்த்த சகாவுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள், முடிந்தால் அவருடைய ஒரு போயா முறையை நீங்கள் எடுங்கள்.

மாத முடிவில் சம்பளச் சீட்டு வந்ததும் கடிதத்தின் பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சமயோசிதம் என்று எழுதிய நாள் நோ பேயில் விழுந்திருந்தால், போயா நாளையும் லீவாகக் கழித்திருந்தால், அந்த வாரத்துக்குள்ளேயே எழுத்தில் கேளுங்கள். அடுத்த மாதத்துச் சம்பளத்தோடு சேர்த்துத் தருவதாகச் சொன்னால், அந்த மாதத்துச் சீட்டையும் பாருங்கள்.